மெல்பர்ன் நூற்றாண்டு ஃபுளோரினை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாணய விற்பனையாளர் நண்பர்களுக்கு, வணக்கம்.

விக்டோரியா மாநிலம், மெல்பர்ன் நகரம் ஆகியவற்றின் நூற்றாண்டுக்காக ஆஸ்திரேலியா வெளியிட்ட 1934-35 வெள்ளி ஃபுளோரினை, அதாவது இரண்டு ஷில்லிங் காசை, 'மிக அரிது' என்ற ஒரே சொல்லோடு விற்பனைக்கு வைக்கிறீர்கள். அச்சானவை 75,000. இரண்டு ஷில்லிங் காசுக்கு மூன்று ஷில்லிங் விலை வைத்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் யார் வாங்குவார்? 21,000 காசுகள் திரும்பி வந்து உருக்கப்பட்டன. மிஞ்சியவை 54,000. இந்த எண்ணைப் போடுங்கள். அரிதா என்பதை வாங்குகிறவர் முடிவுசெய்துகொள்வார்.

உங்கள் விளம்பரத்தில் மெல்பர்னைப் பற்றி வரும் 'ஆளில்லா நிலத்தில் எழுந்த நகரம்' என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அங்கே குலின் என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். 1835இல் ஜான் பேட்மன் என்ற குடியேறி அந்த மக்களோடு செய்துகொண்ட நில ஒப்பந்தத்தை நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் பர்க் அதே ஆண்டில் செல்லாது என்று அறிவித்தார்.

இனி காசுக்கு வருவோம். எடை 11.31 கிராம், விட்டம் 28.5 மி.மீ., வெள்ளி 92.5 சதவீதம். காந்தத்தில் ஒட்டவில்லை என்பது சான்றே ஆகாது, பித்தளையும் ஒட்டாது. தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தேயாத நல்ல காசென்றால் தராசு 1.09 கிராமை ஒட்டிக் காட்டும். அதே எடையுள்ள வெள்ளி பூசிய பித்தளை 1.3ஐத் தாண்டும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நல்ல காசும் போலியாகத் தெரியும். தட்டி உதிர்த்துவிட்டுப் பாருங்கள். தேய்ந்த காசென்றால் அதன் எடையை இந்த அளவால் வகுங்கள், இந்த வெள்ளியின் அடர்த்தியான 10.3 அல்லது 10.4 வர வேண்டும்.

துலக்காதீர்கள். விபூதி போட்டுத் தேய்க்க இது பூஜையறைக் கிண்ணமல்ல. பந்தமேந்திய குதிரைவீரனைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பில் விழும் கீறல் விளக்கைச் சாய்த்தால் தெரிந்துவிடும். அமிலக் கரைசலில் முக்கினால் அச்சின்போது உண்டான நுண்வரிகள் கரைந்து பளபளப்பு செத்துப்போகும். பிவிசி பிளாஸ்டிக் உறையால் வந்த பச்சைப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன் போதும்: தீயில்லாத, காற்றோட்டமான இடத்தில் ஊறவைத்து, தேய்க்காமல் உலரவிட்டு, மைலார் என்ற பாலியெஸ்டர் உறைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே துலக்கியதென்றால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

விளிம்பையும் படமெடுங்கள். அச்சில் உருக்கி ஊற்றிய வார்ப்புப் போலிகளில் பெரும்பாலும் விளிம்பைச் சுற்றி இணைப்புத் தழும்பு இருக்கும். முகப்புப் படத்தில் அது தெரியாது.

இப்படிக்கு,
நாணயம் சேர்ப்பவர்கள் சிலர்