ஆண்டறிக்கை 2024: படிவரிசையும் பந்தித் தரையும்

தலைவர் அவர்களுக்கும், மூத்தோர்களுக்கும், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் சங்கத்தின் பணத்தையும் நேரத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டது நம் மண்டபம்தான். அறிக்கையிலும் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

ஜனவரி 15, பொங்கல் நாள். பெலால் புயல் அன்றுதான் நம் மொரீஷியஸ் தீவைத் தாக்கியது. போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்து போனதை எல்லோரும் போனில் பார்த்தோம். இங்கே ரோஸ்ஹில்லில் நமக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனால் மேடைக்கு அடியில் இருந்த நம் சாமான் அறை தெருவை விடத் தாழ்வானது. அங்கே அடுக்கியிருந்த இரும்பு மடக்கு நாற்காலிகள் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. எடுத்துக் கழுவிக் காய வைத்தும் பாதிக்கு மேல் கீல்கள் துருப்பிடித்துவிட்டன.

காவடிக்குப் பத்தே நாள் இருந்தது. ஜனவரி 25 அன்று கோர் தெ கார்த் மலைக்கோவிலில் காவடி இறக்கி வந்தவர்களுக்குத் தரையில் பாய் விரித்து, இலை போட்டு, ஏழு கறியோடு பரிமாறினோம். நாற்காலி இல்லாத குறையே தெரியவில்லை. குறை தெரிந்தது அடுத்த மாதம், பிள்ளைகளின் நாடகத்தன்று. வாடகை நாற்காலி எடுத்தோம். சமதரையில் பின்வரிசைக்காரர்களுக்கு முன்னால் இருப்பவர்களின் தலைதான் தெரிந்தது. பேரப்பிள்ளை நடிப்பதைப் பார்க்க வந்த பாட்டிமார் கடைசி வரை சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார்கள்.

மார்ச் மாதச் சிறப்புக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, சினிமா கொட்டகை மாதிரி தளத்தைப் படிப்படியாக உயர்த்தி இருக்கைகளை நிரந்தரமாகப் பொருத்துவது. செலவும் குறைவு, பராமரிப்பும் குறைவு. அதை ஆதரித்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, அப்படியானால் இலையை எங்கே போடுவது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஒருகாலத்தில் கல்யாணம் என்றால் வீட்டு முற்றத்தில் மூங்கிலும் தழையும் கட்டி 'சால் வெர்' என்ற பந்தல் போடுவோம். விசேஷம் முடிந்ததும் பிரித்துவிட்டால் முற்றம் மறுபடி முற்றமாகிவிடும். மண்டபமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அன்று கூட்டத்தில் பெரும்பான்மையோரும் அதையே சொன்னார்கள். ஆகவே இரண்டாவது யோசனையை, அதாவது வேண்டும்போது விரித்து மற்ற நேரம் சுவரோரம் மடக்கி வைக்கும் நகரும் படிவரிசையைத் தேர்ந்தெடுத்தோம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பலர் இன்னும் கேட்கிறார்கள். மேசை இழுப்பறைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10 தட்டுகள். ஒவ்வொன்றும் 85 செ.மீ. ஆழம், முந்தையதை விட 28 செ.மீ. உயரம். பொத்தானை அழுத்தினால் கடைசித் தட்டு பின்சுவரோடு நிற்க, முன்தட்டின் அடியில் உள்ள மோட்டார் சக்கரங்கள் மற்ற தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கும். விரித்தால் எட்டரை மீட்டர், 180 பேர் உட்காரலாம். உள்ளே போனால் ஒன்றே கால் மீட்டர் அகலத்தில், ஒரு பெரிய அலமாரி மாதிரி சுவரோரம் நிற்கும். 28 செ.மீ. ஒரே எட்டில் ஏற முடியாது என்பதால் நடைபாதையில் 14 செ.மீ.க்கு ஒரு அரைப்படி உண்டு. அப்படியும் ஏற முடியாதவர்களுக்கு முன்னால் தரையிலேயே நாற்காலிகள் போடுகிறோம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு அங்கே இரண்டு இடங்களை விட்டு வைத்திருக்கிறோம்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிது, உலகத்துக்குப் புதிதில்லை. ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் ஓட்டப்பந்தயங்களை டிவியில் பார்த்தோமே, அந்த ஊதா நிற ஓடுதளம்! அவை நடந்த, 1998இல் திறந்த ஸ்தாத் தெ பிரான்ஸ் அரங்கில் கால்பந்து நடக்கும்போது அந்த இடத்தின் மேல் இருக்கைகள்தான் இருக்கும். கீழ்த்தட்டின் 25,000 இருக்கைகளையும் 15 மீட்டர் பின்னுக்கு நகர்த்தித்தான் ஓடுதளத்தை வெளிக்கொண்டு வருகிறார்கள். அங்கே அது பல நாள் வேலை. 2014இல் திறந்த சிங்கப்பூர் தேசிய அரங்கில் கீழ்வரிசைகளை மோட்டாரே நகர்த்துகிறது. அவர்களுக்குக் கால்பந்தும் ஓட்டமும், நமக்குப் பந்தியும் நாடகமும்.

பொருத்தும் முன் பொறியாளர் வந்து தளத்தைப் பார்த்தார். கூட்டம் கூடும் இடத்தின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ வரை தாங்கும்படி கணக்கிடுவது வழக்கம். படிவரிசை விரிந்திருக்கும்போது கவலையில்லை. மடங்கும்போதுதான் முழு எடையும் சுவரோரம் ஒரே பட்டையில் இறங்குகிறது. அதனால் அந்தப் பட்டையை மட்டும் உடைத்து, கம்பி கட்டிப் புதிதாகக் கான்கிரீட் போட்டோம். மோட்டாருக்காக மூன்று ஃபேஸ் கரண்ட் லைனும் இழுத்தோம். நகரும் படிவரிசைகளுக்கென்றே ஐரோப்பாவில் இ.என். 13200-5 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி செய்த பொருள்தான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். ஜூன் கடைசியில் வேலை முடிந்தது. செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி நடந்த தவறுகள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மதியம் பந்தி, மாலை ஆறு மணிக்குப் பரதநாட்டியம். பந்தி முடிந்ததும் இலைகளை எடுத்துத் தரையைப் பெருக்கினோம், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தோம். பொத்தானை அழுத்தியதும் இடப்பக்கம் நகர்ந்தது, வலப்பக்கம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றது. ஒரு முழம் தூரம் வருவதற்குள் படிவரிசை கோணிக்கொண்டு நின்றுவிட்டது. இந்தச் சக்கரங்கள் ரப்பர் பிடிப்பில்தான் ஓடுகின்றன. வலப்பக்கம் நெய்யும் ரசமும் சிந்திய இடம். கண்ணுக்குத் தெரியாத அந்த எண்ணெய்ப் படலமே போதுமானதாக இருந்தது. அன்று பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்கித் தரையில் ஆடினார்கள், சுற்றிப் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். மறுநாள் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, சக்கரங்களையும் துடைத்த பிறகு நேராகவே நகர்ந்தது. எந்தப் பாகமும் உடையவில்லை. தரையைப் பார்த்துச் சரி என்று சொன்னது நான். பொறுப்பும் என்னுடையதே. இப்போது பந்தி நாளில் சக்கரப் பாதையில் முதலிலேயே தார்ப்பாய் விரித்து, அதன் மேல்தான் பாய் போடுகிறோம்.

அடுத்தது இதைவிடப் பெரியது. நவம்பரில் ஒத்திகை முடிந்து படிகளை உள்ளே தள்ளப் போகும் நேரத்தில், ஒரு தாய் தன் மகனைக் காணோம் என்று தேடி வந்தார். ஆறு வயதுப் பையன், விரிந்த படிகளின் அடியில் கம்பிகளுக்கு நடுவே ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தான். பொத்தானை இன்னும் யாரும் தொடவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விரலை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் பொத்தான் முன்னால் இருக்கிறது, பிள்ளை பின்னால் இருந்தான். மறுநாளே செயற்குழு கூடி விதி செய்தது: தனியாக யாரும் இயக்கக்கூடாது. ஒருவர் டார்ச்சோடு அடியில் முழுவதும் நடந்து பார்த்து வெளியே வந்து, குரல் கொடுத்த பிறகே மற்றவர் சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்த வேண்டும். மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்குச் சாவி கிடையாது. இது சிலருக்கு வருத்தம் என்று தெரியும். இந்த விதியைத் தளர்த்த நான் சம்மதிக்க மாட்டேன்.

டிசம்பரில் மோட்டாரின் பிடியைத் தளர்த்தி, கரண்ட் இல்லாமல் கையால் இழுத்தும் பார்த்தோம். பத்துப் பேர் வேண்டியிருந்தது, ஆனால் வந்தது. புயல் நேரத்தில் அக்கம்பக்கத்தார் வந்து தங்க நேர்ந்தால் படிகளை உள்ளே தள்ளிவிட்டுத் தரை முழுவதும் பாய் விரிக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இடைவிடாமல் நடந்தது. பெரியவர்கள் வகுப்புக்கு ஆசிரியர் இன்னும் கிடைக்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலை இளைஞர்கள் மண்டபத்தில் பேட்மின்டன் ஆடுகிறார்கள். முன்பு நாற்காலி தூக்கச் சொன்னால் நழுவியவர்களும் இப்போது ஆட்டத்துக்கு வந்து அப்படியே தரை துடைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு நன்றி. நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்தினோம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. படிவரிசையின் இரு பக்கத்துக்கும் பூட்டுள்ள கதவு வைக்க விலைப்புள்ளி வாங்கியிருக்கிறேன். அதற்கு இன்றே ஒப்புதல் வேண்டும். சாவிப் பொறுப்புக்கு இதுவரை நான்கு பேர் பழகியிருக்கிறோம், எட்டுப் பேராவது தேவை. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பயிற்சி. பெண்களும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருபவர்கள் டார்ச் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
செயலாளர்