காலையில் சும்மா கிடக்கும் உங்கள் மைதானத்தை எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்

கொழும்பில் உதைபந்தாட்டக் கழகம் நடத்துகிறவர்களுக்கும், பயிற்றுவிப்பாளர்களுக்கும், மைதானங்களின் சாவியைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

நேரடியாகவே கேட்கிறேன். கிழமை நாட்களில் காலையிலிருந்து பள்ளிக்கூடம் விடும்வரை உங்கள் மைதானங்களில் பல சும்மாதான் கிடக்கின்றன. பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிற குடும்பங்கள் சில இந்த நகரத்தில் இருக்கிறோம். அந்த வெறும் நேரத்தில் ஒன்றிரண்டு மணித்தியாலம் எங்களை உள்ளே விடுங்கள். ஆட்டம் பழக அல்ல (பந்தைக் கண்டால் உதைக்காமலும் இருக்கமாட்டார்கள், அது வேறு), கணக்கும் விஞ்ஞானமும் வரலாறும் படிக்க.

உதைபந்தில் என்ன கணக்கு என்று நினைக்காதீர்கள். கடையில் 12 பந்து இருந்தது, 5 விற்றுப்போனது, மிச்சம் எத்தனை என்று கேட்டு, பக்கத்தில் ஒரு பந்துப் படத்தையும் போட்டுக் கொடுக்கிற பயிற்சித்தாள்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பந்துக்குப் பதில் மாம்பழம் என்று மாற்றினாலும் கணக்கு அதேதான், பிள்ளைக்கு அது உடனே விளங்கிவிடும். நான் சொல்வது ஆட்டத்துக்குள்ளேயே, நீங்கள் சுண்ணாம்பால் போடுகிற கோடுகளுக்குள்ளேயே இருக்கிற கணக்கை.

தண்ட உதைப் பெட்டிக்கு வெளியே பிறை மாதிரி ஒரு வளைவு போடுவீர்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ட உதை அடிக்கும்போது மற்ற வீரர்கள் எல்லாரும் பந்திலிருந்து குறைந்தது 10 யார் (ஒரு யார் மூன்று அடி) தள்ளி நிற்கவேண்டும், அதற்குத்தான் அந்த வளைவு. பந்து வைக்கிற புள்ளி கோல் கோட்டிலிருந்து 12 யார், பெட்டியின் கோடு 18 யார், ஆக புள்ளிக்கும் பெட்டிக் கோட்டுக்கும் நேரே 6 யார். புள்ளியிலிருந்து, வளைவு கோட்டைத் தொடுகிற மூலைக்கு 10 யார். அப்படியென்றால் பெட்டிக் கோட்டின் மேல் நடுவிலிருந்து அந்த மூலைவரை எவ்வளவு? 10இன் வர்க்கம் 100, அதில் 6இன் வர்க்கம் 36 போக 64, அதன் வர்க்கமூலம் 8 யார். 6, 8, 10: மேசன்மார் சுவர் மூலையை மட்டம் பார்க்கிற அதே 3, 4, 5தான் இரண்டு மடங்காகி உங்கள் புல்லின் மேல் கிடக்கிறது. அப்புறம் பாருங்கள், கோல் கம்பங்களுக்கு நடுவில் உள்ள அகலமும் 8 யார்தான், 7.32 மீற்றர் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். பைதகரஸ் என்ற பெயரை இதற்குப் பிறகு சொன்னால் போதும்.

இதை வெள்ளவத்தைக் கடற்கரையில், ஈர மணலில் சின்னதாகச் செய்து பார்த்தோம். யார் அளவுக்குப் பதில் அடி அளவு. ஒரு கம்பை ஊன்றி, அதில் பத்தடிக் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஒரு குச்சியோடு என் மகள் வளைவைக் கீறிக்கொண்டு போக, மற்றப் பிள்ளைகள் அளவுநாடாவைப் பிடித்தார்கள். எட்டடி வரவேண்டிய இடத்தில் ஏழடி பதினொரு அங்குலம் வந்தது. கயிறு தளர்ந்ததா, கம்பு சாய்ந்ததா, முடிச்சுக்குள் ஒரு அங்குலம் போய்விட்டதா என்று அவர்களுக்குள் நடந்த சண்டை இருக்கிறதே, அளவீட்டு வழுவைப் பற்றி நான் ஒரு மணித்தியாலம் பேசியிருந்தாலும் அவ்வளவு ஏறியிருக்காது. ஆனால் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் உள்ள அந்த ஒடுங்கிய மணலில் அதற்கு மேல் முடியாது. முழு மைதானத்தின் 105 மீற்றருக்கு 68 மீற்றரை அங்கே எப்படி விரிப்பது? உண்மையான வளைவை உண்மையான கோட்டில் அளக்க அவர்களுக்கு ஆசை.

அடுத்தது, உங்களில் பயிற்றுவிப்பாளராக இருப்பவர்களிடம். கணக்கு எனக்குத் தெரியும், ஆட்டம் தெரியாது. தனியாக வருகிற எதிரியை நோக்கி கோல் காப்பாளர் ஏன் முன்னே ஓடிவருகிறார் என்று நீங்கள் தினமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். பந்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் இரண்டு கயிறு கட்டி, நடுவில் காப்பாளரை கோட்டிலிருந்து ஒவ்வொரு அடியாக முன்னால் நடக்கவிட்டால், கயிறுகளுக்கு நடுவில் அவர் மறைக்காத இடம் சுருங்கிக்கொண்டே வருவது கண்ணால் தெரியும். அதை நீங்கள் அரை மணித்தியாலம் செய்துகாட்டுங்கள், கோணத்தை நாங்கள் வீட்டில் வரைந்துகொள்கிறோம். பாகைமானியைக் கண்டாலே ஓடுகிற பிள்ளையும் அன்றைக்கு உட்காரும்.

தையல் பிரிந்த பழைய பந்து இருந்தால் எறியாதீர்கள், எங்களுக்குத் தாருங்கள். பழைய மாதிரி கறுப்பு வெள்ளைப் பந்து என்றால் இன்னும் நல்லது: ஐங்கோணத் துண்டு 12, அறுகோணத் துண்டு 20. பக்கங்களைக் கூட்டினால் 180, ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கம் சேருவதால் விளிம்பு 90, ஒவ்வொரு உச்சியிலும் மூன்று துண்டு சேருவதால் உச்சி 60. உச்சி அறுபதையும் துண்டு முப்பத்திரண்டையும் கூட்டி விளிம்பு தொண்ணூறைக் கழித்தால் 2, ஒயிலர் என்ற கணித மேதை சொன்னது சரியாக வந்து நிற்கும். உள்ளே இருக்கிற இறப்பர்ப் பையை எடுத்தால் புவியியல். 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகளை நட்டது கம்பஹா ஹெனரத்கொடையில், இங்கிருந்து ரயிலில் போய்ப் பார்த்துவரலாம். தையல் என்றால் பாகிஸ்தானின் சியால்கோட். அங்கே பந்து தைக்கிற வேலையில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள், அதை நிறுத்த 1997இல் ஒரு ஒப்பந்தம் செய்யவேண்டி வந்தது. இதைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

உங்கள் லீக் புள்ளி அட்டவணைகளும் வேண்டும், பழையதானாலும் பரவாயில்லை. திசைகொண்ட எண்களில் -3 ஏன் -7ஐவிடப் பெரியது என்று திணறுகிற பிள்ளை, புள்ளி சமமான இரண்டு அணிகளில் கோல் வித்தியாசத்தால் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) எது மேலே நிற்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்கிறது.

வரலாற்றுக்குத் தூரம் போகவேண்டாம். கொம்பனித்தெருவில் ஜாவா லேன் கழகம் இருக்கிறது, ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்து போர்வீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் கதையை அந்தத் தெருவில் நடந்துகொண்டே சொல்லலாம். 1942இலும் 1946இலும் உலகக் கிண்ணம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் இரண்டாம் உலகப்போர். 1995இல் இதே கொழும்பில் இறுதி ஆட்டத்தில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தோம் என்பதை இந்தப் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டத்தை நடத்துகிற ஃபிஃபா நம் நாட்டைத் தடைசெய்து ஆகஸ்டில்தான் தடையை எடுத்தது. ஒரு உதைபந்தாட்டச் சம்மேளனத் தேர்தலில் வெளியார் தலையிட்டால் மைதானத்தில் ஓடுகிற வீரருக்கு என்ன ஆகிறது என்பதைவிட நல்ல குடியியல் பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி உங்களில் ஒருவர் வந்து பேசினால் நன்றாயிருக்கும், பட்டது நீங்கள்தானே.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மைதானத்தில் போய்க் கேட்டபோது, பள்ளிக்கூட அதிபரின் கடிதம் இருக்கிறதா என்றார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அதிபர் இல்லை, முத்திரையும் இல்லை. கடிதம் இல்லாமல் விடமுடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது, யாரோ விழுந்து கையை முறித்தால் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான், அது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் வழி இல்லாமல் இல்லையே. பெற்றோரின் கையெழுத்தையும் அடையாள அட்டை எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள், காயப்பட்டால் பொறுப்பு எங்களுடையது என்று எழுதித் தருகிறோம், ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து நிற்போம்.

புல்லில் ஆணி அடிக்கமாட்டோம், கயிற்றின் முனையை ஆள்தான் பிடிக்கும். சாப்பாட்டுப் பொட்டலம் உள்ளே வராது. கட்டணம் உண்டென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், குடும்பங்கள் பங்கிட்டுக் கொடுப்போம். எட்டரைக்கு வந்தால் வெயில் ஏறுமுன் பத்தரைக்குக் கிளம்பிவிடலாம், செவ்வாயும் வியாழனும் எங்களுக்குத் தோது. முதல்நாள் மழை பெய்து மைதானம் ஊறியிருந்தால் காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், அன்றைக்கு வரமாட்டோம்.