மாலதிக்கு, ஆறு கோடுகளைப் பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. உடனே பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள். கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. டாக்டர் சொல்லும் வரை சொட்டு மருந்தை நிறுத்தாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் விட்டுப்போன கிடார் இப்போது என் கையில்.

நீயும் கிடார் வாங்கிவிட்டாய் என்ற வரியை மூன்று தடவை படித்தேன். அடுத்த வரியிலேயே, டேப் என்று ஆறு கோடும் எண்ணுமாக ஒரு தாளைக் கொடுத்தார்கள், ஒன்றும் புரியவில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது என எழுதியிருக்கிறாய். கொடுத்துவிடாதே. ஏழு மாதமாக நான் அந்தக் கோடுகளோடுதான் இருக்கிறேன். தெரிந்துகொண்டதை எல்லாம் எழுதுகிறேன்.

ஆறு கோடு என்பது ஆறு கம்பி. கோட்டின் மேல் இருக்கும் எண், எந்த ஃப்ரெட்டில், அதாவது கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் எதனிடத்தில், அழுத்த வேண்டும் என்பது. 0 என்றால் அழுத்தாமல் அப்படியே மீட்டு. எழுத்தைப் படிப்பது போல இடமிருந்து வலமாகப் போக வேண்டும். எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மீட்ட வேண்டும், அது கார்ட். எண்ணைப் பார்த்துவிட்டு அது விரலின் எண் என்று நினைத்துவிடாதே. எந்த விரல் என்பதை டேப் பெரும்பாலும் சொல்லாது. ஆரம்பத்தில் முதல் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், இரண்டுக்கு நடுவிரல், மூன்றுக்கு மோதிர விரல், நான்குக்குச் சுண்டுவிரல் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இதுவரை எளிதுதான். நீ தடுமாறியது அடுத்த விஷயத்தில் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் இரண்டு வாரம் அங்கேதான் நின்றேன். கிடாரை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தடித்த கம்பிதான் மேலே தெரிகிறது. அதனால் தாளிலும் மேல் கோடுதான் தடித்த கம்பி என்று எடுத்துக்கொண்டேன். படிப்படியாக ஏற வேண்டிய ஸ்வரங்கள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. கிடாரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒவ்வொரு கம்பியாகத் திரும்பத் திரும்ப ட்யூன் செய்தேன். உண்மையில் டேப்பில் மேல் கோடு மெல்லிய கம்பி. அதுதான் முதல் கம்பி. கீழ்க்கோடு தடித்த ஆறாவது கம்பி. உயர்ந்த ஒலி மேலே, தாழ்ந்த ஒலி கீழே என்ற கணக்கு.

இதை மனப்பாடம் செய்யாதே, கையால் செய்து பார். வாசிப்பது போலவே கிடாரைப் பிடித்துக்கொள். அப்புறம் அதன் முகம் கூரையைப் பார்க்கும்படி மெதுவாக மடியில் சாய்த்துப் படுக்க வை. தடித்த கம்பி உன் வயிற்றுப் பக்கம் வந்துவிடும், மெல்லியது உன்னை விட்டுத் தள்ளிப் போய்விடும். தாளையும் அதன் பக்கத்தில் படுக்க வைத்துப் பார், இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அன்றைக்கு அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. டேப் நேற்று வந்த குறுக்குவழி இல்லை. 1507ஆம் ஆண்டிலேயே வெனிஸ் நகரத்தில் பெட்ரூச்சி என்ற அச்சகர் லூட் என்னும் நரம்பு வாத்தியத்துக்கு இப்படிப்பட்ட எண்களை அச்சடித்துப் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். அந்த இத்தாலிய முறையில் நீயும் நானும் நினைத்தது போலவே தடித்த கம்பிதான் மேல் கோடு! பிரெஞ்சுக்காரர்கள் எண்ணுக்குப் பதில் எழுத்து போட்டார்கள், மெல்லிய கம்பியை மேலே வைத்தார்கள். 1536இல் ஸ்பெயினில் லூயிஸ் மிலான் என்பவர் எண்களையே வைத்துக்கொண்டு மெல்லிய கம்பியை மேல் கோட்டுக்குக் கொண்டுபோனார், இன்று நம் தாளில் இருப்பது போலவே. ஆக, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய வித்வான்களே இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். உன் கண்ணோ புத்தியோ பழுதில்லை.

சரி, இப்போது ஒன்று வாசித்துப் பார். ஐந்தாம் கம்பியில் 3. நான்காம் கம்பியில் 0, 2, 3. மூன்றாம் கம்பியில் 0, 2. இரண்டாம் கம்பியில் 0, 1. மொத்தம் எட்டு ஒலி. விரலை ஃப்ரெட்டின் உலோகத்துக்கு மேலே வைக்காதே, அதற்குச் சற்று முன்னால், தலைப்பக்கமாக ஒட்டி வை. அங்கே கொஞ்சம் அழுத்தினாலே சுத்தமாக ஒலிக்கும். தள்ளி வைத்தால் 'டர்'ரென்று அதிரும். மெதுவாக வாசித்து முடித்ததும் என்ன கேட்டது என்று நீயே சொல்லிவிடுவாய். ச ரி க ம ப த நி ச, சங்கராபரணத்தின் ஆரோகணம். கமகம் இல்லை, வெறும் ஸ்வரங்கள்தான். ஆனால் ஸ்வரம் ஸ்வரம்தானே. முன்பின் தெரியாத ஒரு தாளிலிருந்து இது எழுந்து வந்தபோது பழைய சிநேகிதியை எங்கேயோ எதிர்பாராமல் பார்த்தது போல இருந்தது.

மற்ற குறிகளைப் பற்றி இப்போது கவலைப்படாதே. இரண்டு எண்களுக்கு நடுவே சாய்ந்த கோடு இருந்தால் விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஸ்லைடு. எண்ணின் இடத்தில் பெருக்கல் குறி இருந்தால் கம்பியை லேசாக மூடிக்கொண்டு தட்ட வேண்டும், ஸ்வரம் கேட்கக் கூடாது. கார்டுக்கு விரல்களை எங்கே வைப்பது என்று காட்டும் கட்டம் போட்ட படத்தில் அதே குறி வந்தால் அந்தக் கம்பியைத் தொடவே கூடாது என்று பொருள். ஹேமர் ஆன் (மீட்டாமல் விரலைத் தட்டி ஒலி எழுப்புவது), புல் ஆஃப் (விரலை இழுத்து எடுத்து ஒலி எழுப்புவது), பெண்ட் (கம்பியை வளைத்து ஒலியை ஏற்றுவது) எல்லாம் ஆங்கில முதல் எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும். அவை தேவைப்படும்போது தானாக வரும்.

டேப்பை மட்டமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மேற்கத்திய ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களுக்கான ஊன்றுகோல் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிடாரில் ஒரே ஒலி பல இடங்களில் கிடைக்கிறது. முதல் கம்பியை அழுத்தாமல் மீட்டினால் வரும் ஒலிதான் இரண்டாம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் கம்பியின் 9இலும், நான்காம் கம்பியின் 14இலும் வரும். உயரம் ஒன்றுதான், ஆனால் குரல் வேறு. மெல்லிய கம்பியில் கணீரென்று இருப்பது தடித்ததில் கொஞ்சம் கனிந்து கேட்கும். வெறும் ஸ்வரக்குறிப்பு ஒலியைச் சொல்லும், கை எங்கே போக வேண்டும் என்பதை வாசிப்பவரிடமே விட்டுவிடும். டேப் அதைத் துல்லியமாகச் சொல்கிறது. புதிதாகக் கற்பவருக்கு அது பெரிய துணை.

ஆனால் டேப்புக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது, இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெறுமனே தட்டச்சு செய்த டேப்பில் காலம் இல்லை. எங்கே தொட வேண்டும் என்று தெரியும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாது. அந்தப் பழைய லூட் புத்தகங்களில் கோடுகளுக்கு மேலே சின்னக் கொடி போன்ற குறிகள் போட்டுக் காலத்தையும் சொல்லியிருந்தார்கள். நம் ஸ்வர நோட்டிலும் கமா போட்டு நீட்டுவோம், தாளத்துக்குக் கோடு போடுவோம். தட்டச்சில் அதுதான் விட்டுப்போனது. எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் நான் எண்களைச் சரியாகத்தான் வாசித்தேன், ஆனால் ஒரு பாட்டும் பாட்டாக வரவில்லை.

அதனால் இப்போது ஒரு புதுத் தாளை எடுத்தால் கிடாரைத் தொடுவதே இல்லை. முதலில் பாட்டை நாலைந்து தடவை கேட்கிறேன். அப்புறம் வாயால் முனகிக்கொண்டே காலால் தாளம் தட்டி, ஒவ்வொரு தட்டும் எந்த எண்ணின் மேல் விழுகிறது என்று பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன். ஆறு கோடுகளையும் வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு கோடு வந்தால் அங்கே ஒரு சுற்று முடிகிறது என்று பொருள். பெரும்பாலும் நாலு தட்டு, தகதிமி ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரம். அந்தப் புள்ளிகள் விழுந்த பிறகுதான் கிடாரை எடுக்கிறேன். முனகத் தெரியாத வரியை வாசிக்க முயல்வதில்லை. சில சமயம் முனகும்போதே தாளில் இருக்கும் எண் தப்பு என்று தெரிந்துவிடும். யாரோ காதால் கேட்டு எழுதியதுதானே, தப்பு இருக்கத்தான் செய்யும். அப்போது தாளை நம்பாதே, காதை நம்பு.

பள்ளியில் நீ பெஞ்சில் தட்டிக்கொண்டே இருப்பாய், நான் கணக்கு போட முடியவில்லை என்று உன் கையைப் பிடித்து நிறுத்துவேன், ஞாபகம் இருக்கிறதா? எந்தப் பாட்டைப் போட்டாலும் இரண்டாவது வரிக்குள் தாளத்தைப் பிடித்துவிடுவாய். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது உன் கையில் ஏற்கனவே இருக்கிறது, மாலதி. எண் படிப்பதெல்லாம் பதினைந்து நாள் வேலை.

விரல் நுனி வலிக்கும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள். கண் சரியாக ஆறும் வரை தாளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்துக்கொள். அந்த எட்டு எண்களை ஏறியும் இறங்கியும் வாசித்து, ஃபோனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. தட்டும் சத்தமும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
வசந்தி