நிலாக் கொப்பியைப் பிள்ளையே எழுதட்டும்: முதலாம் தவணை முடிவில் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம். முதலாம் தவணை இந்த வாரத்துடன் நிறைவுபெறுகிறது. பொங்கல் விழாவும் இல்ல விளையாட்டுப் போட்டியும் சிறப்பாக நடந்தன. சிறிய வகுப்புகளில் வாசிப்பு நன்றாக முன்னேறியிருக்கிறது. தவணைப் பரீட்சைப் பெறுபேறுகளை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம். சிரமதானத்துக்கு வந்து வடிகானைத் துப்புரவு செய்து தந்த எல்லோருக்கும் நன்றி.

இனி எழுதப்போவது தரம் 4, தரம் 5 பிள்ளைகளின் நிலாக் கொப்பியைப் பற்றி. பெரிய வகுப்புப் பெற்றோரும் தயவுசெய்து வாசியுங்கள். அடுத்த தவணையில் தரம் 6 பிள்ளைகளுக்கும் இந்த வேலை இருக்கிறது.

சுற்றாடல் பாடத்துக்காக, ஓர் அமாவாசை தொடங்கி அடுத்த அமாவாசை வரை ஒவ்வொரு நாளும் நிலாவைப் பார்த்து வரையவும், வீட்டைச் சுற்றிக் காணும் பறவைகளைத் திகதியுடன் எழுதவும் பிள்ளைகளிடம் கேட்டிருந்தோம். கொப்பிகள் வந்து சேர்ந்துவிட்டன. பார்க்க மிக அழகாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல், வீட்டில் யாரோ பெரியவர் கலண்டரைப் பார்த்து எழுதிக் கொடுத்தவை.

இது எங்கள் ஊகம் அல்ல. தேய்பிறை எட்டாம் நாளில் "இரவு 7 மணி, அரை நிலா தெரிந்தது" என்று பல கொப்பிகளில் இருக்கிறது. அன்று நிலா உதிப்பதே நள்ளிரவு அளவில்தான். மூன்றாம் பிறையை அரிவாளை நட்டு வைத்ததுபோல் நிமிர்த்தி வரைந்திருக்கிறார்கள். இலங்கை மலைநாட்டில் நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறோம். மார்ச், ஏப்ரல் மாலைகளில் நம் வானத்துப் பிறை இரண்டு முனையும் மேலே பார்க்கத் தோணிபோல் படுத்திருக்கும். நிமிர்ந்து நிற்கும் பிறை தூர வடநாட்டுப் படங்களில் வருவது; அது கைத்தொலைபேசியிலிருந்து கொப்பிக்கு வந்திருக்கிறது. பறவைப் பக்கங்களில் தூக்கணாங்குருவி எழுதப்பட்டிருக்கிறது. அது கீழ்நாட்டு வயல்வெளிப் பறவை, நம் உயரத்தில் கூடு கட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது நாளும் வானம் தெளிவு! பின்னேரத்தில் இடி இடித்து மழை கொட்டிய நாட்களும் மலை முழுவதும் மூடுபனியில் மறைந்த நாட்களும் எங்கே போயின?

கலண்டரில் திதி சரியாகத்தான் இருக்கிறது. அதைப் பிள்ளை பிரதி செய்வதற்காக நாங்கள் இந்த வேலையைக் கொடுக்கவில்லை. நிலா ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது என்பதை நாங்கள் சொன்னால் பிள்ளை மனப்பாடம் செய்யும். நேற்று அந்தச் சவுக்கு மரத்துக்கு நேராக நின்ற நிலா இன்று அதே நேரத்தில் இன்னும் மேலே நிற்பதைத் தானே பார்த்தால், "ஏன்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வரவேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பாடும்.

பறவைப் பக்கத்துக்கு இது இன்னும் பொருந்தும். குளிர்நாடுகளில் வசந்தம் பிறந்தால் பறவைகள் திரும்பி வரும். நம் மலையில், நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும் இதே ஏப்ரலில், அவை புறப்படுகின்றன. செப்டெம்பர், ஒக்டோபர் அளவில் வந்து, ஓடைக்கரையிலும் தோட்டப் பாதையிலும் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் மஞ்சள் வயிற்றுச் சாம்பல் வாலாட்டி, மின்கம்பியில் வரிசையாக அமரும் தகைவிலான், வேலிக்கம்பத்தில் தனியே இருந்து கீச்சிடும் பழுப்புக் கீச்சான், விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும் ஆறுமணிக் குருவி, எல்லாம் வடக்கே குஞ்சு பொரிக்கப் போகின்றன. ஆறுமணிக் குருவி மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போகிறது. அவை போகும்போது, இங்கேயே இருக்கும் கொண்டைக்குருவி தேயிலைச் செடிக்குள் கூடு கட்டத் தொடங்கும்.

இதில் பிள்ளை எழுதவேண்டிய முக்கியமான விடயம், ஒரு பறவையைக் கடைசியாகக் கண்ட நாள். அது கடைசி நாள் என்று கண்ட அன்று யாருக்கும் தெரியாது. "வாலாட்டி இருந்தது", "இருந்தது", "இன்று இல்லை" என்று நாள்தோறும் எழுதி வந்தால்தான் இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்து அந்த நாளைக் கண்டுபிடிக்க முடியும். எந்தக் கலண்டரிலும் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே இருப்பில் முப்பது நாளையும் நிரப்பினால் போனது போனதுதான்.

எங்கள் பக்கத்திலும் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. "தினமும் இரவு 7 மணி" என்று கொப்பியின் முதற்பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தோம். வளர்பிறைக்கு அது சரி, போயாவுக்குப் (பௌர்ணமிக்குப்) பிறகு சரிவராது. நிலா வரும்வரை பிள்ளையை விழித்திருக்க வைக்க முடியாமல் பல வீடுகளில் கலண்டரை எடுத்திருப்பீர்கள் என்று புரிகிறது. ஆகவே விடுமுறையில் இந்த வேலையை மறுபடி, இப்படிச் செய்யுங்கள்.

அமாவாசை கழிந்து இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்குங்கள். மாலை 6.45க்குப் பிள்ளை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒரே இடத்தில் நிற்கட்டும். சூரியன் மறையும் பக்கத்தில் அசையாத ஒரு மரத்தையோ முகட்டையோ அடையாளம் வைக்கட்டும். கையை நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. நிலா ஒரு நாளில் 12, 13 பாகை கிழக்கே நகர்வதால், ஒரு முட்டிக்குச் சற்று அதிகமாக இடம் மாறியிருக்கும். கொப்பியில் முதலில் தரைக்கோட்டைப் போடவேண்டும். அதற்கு மேல் சோடா மூடியால் வட்டம் போட்டு, இருண்ட பகுதியைப் பென்சிலால் நிழலிடவேண்டும். தரைக்கோடு இல்லாவிட்டால் பிறை எப்படிச் சாய்ந்திருந்தது என்பது மறந்துபோகும். மூன்றாம் பிறையில் இருண்ட பக்கமும் மங்கலாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது பூமியில் பட்ட வெயில் நிலாவுக்குத் திரும்பிப் போய்த் தரும் வெளிச்சம்.

போயா கழிந்ததும் காலைக்கு மாறுங்கள். 6 மணிக்கும் 6.30க்கும் இடையில் மேற்கே நிலா நிற்கும். எட்டாம் நாளில் தலைக்கு மேல் இருக்கும். அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, 5.30 அளவில் கிழக்கே மெல்லிய பிறையாகத் தெரியும். கிழக்கில் முகடு மறைக்கும் வீடுகளில் பிள்ளை எழுதும் நேரம் பத்திரிகையில் போட்ட நிலா உதய நேரத்துடன் ஒத்துவராது. முகடு ஒரு முட்டி உயரம் என்றால் நிலா ஏறத்தாழ 40 நிமிடம் பிந்தித்தான் தெரியும். தோட்டத்தின் மேல் டிவிஷன் பிள்ளையின் நேரமும் பள்ளத்து லயத்து (வரிசை வீட்டு)ப் பிள்ளையின் நேரமும் வேறுபட்டால் இரண்டும் சரி. திருத்தாதீர்கள். நிலா தெரியாத நாளில் "மேகம்" அல்லது "மூடுபனி" என்று எழுதினால் போதும், அதற்கும் முழுப் புள்ளி உண்டு.

பறவை பார்க்க வாசலைத் தாண்டிப் போகத் தேவையில்லை. இருட்டியபின் தேயிலை மலைக்குள்ளோ ஆற்றுப்பக்கமோ பிள்ளைகளை அனுப்பாதீர்கள். சிறுத்தையும் காட்டுப்பன்றியும் நடமாடும் இடங்கள் அவை. குளவிக் கூடு இருக்கும் மரத்தடியில் யாரும் நிற்கக்கூடாது. குருவிக்கூடு கண்டால் பத்தடி தள்ளி நின்று பார்க்கட்டும். கிளையை விலக்கிப் படம் எடுத்தால், மறைவு கலைந்து காகத்துக்குக் கூடு தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அடுத்த தவணையில் பெரியவர் கையெழுத்தில் வரும் பக்கங்களுக்குப் புள்ளி வழங்கப்படாது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது பொய். புலமைப்பரிசில் ஆண்டாக இருந்தாலும், பத்து வயதுப் பிள்ளைக்கு அதை நாம் பழக்கக்கூடாது.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் இன்னொரு வேலையைத் தலையில் கட்டுகிறோம் என்பதை அறிவோம். எழுதித் தரவேண்டாம். இரண்டு நிமிடம் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றால் போதும். எந்தச் செடியில் கூடு இருக்கிறது, எந்த ஓடையில் எந்தக் குருவி வரும் என்பதெல்லாம் மலைக்குப் போகும் தாய்மாருக்குத் தெரிந்த அளவு எங்கள் ஆசிரியர்களுக்குத் தெரியாது. அதைப் பிள்ளையிடம் வாயால் சொல்லுங்கள்.

வந்த கொப்பிகளில் தரம் 4 பிள்ளை ஒருவருடையது மேசையில் இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து "மேகம்". நான்காம் நாள் வட்டத்தையே போடாமல், காகிதத்தைப் பென்சிலால் தேய்த்து, "வெளிச்சம் மட்டும் தெரிந்தது, நிலா தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறது. ஓரத்தில் மழைத்துளி பட்டு மை கரைந்திருக்கிறது. அந்த வீட்டாருக்கும், இப்படிப் பிள்ளையைப் பார்க்கவிட்டு ஒதுங்கி நின்ற எல்லாப் பெற்றோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

புதிய கொப்பிகள் வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப்படும். இரண்டாம் தவணை தொடங்கும் நாளில் கொண்டுவரட்டும். அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.

இப்படிக்கு,
அதிபர்