பாடப் போகும் மகளுக்கு

ராசாத்திக்கு,

அம்மா எழுதுகிறேன். சினிமாப் பாட்டுக்கு டிராக் பாட, அதாவது முதலில் மாதிரிக்குப் பாடிப் பதிவு செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள், வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பாடு. அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் உனக்கு முன்னால் இந்த வழியில் போன பெண்கள் தொழிலை எப்படி நடத்தினார்கள் என்று தெரிந்துகொண்டு போ. அவர்கள் பட்ட கஷ்டத்தை ஊரே கதை கதையாகச் சொல்லும். வாங்கின சம்பளத்தையும் போட்ட நிபந்தனையையும் யாரும் அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள்.

கே.பி. சுந்தராம்பாளையே எடுத்துக்கொள். கணவர் கிட்டப்பா 1933-ல் இறந்துபோனபோது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். வெள்ளைப் புடவைக்கு மாறி ஒதுங்கியிருந்தவரைப் படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்கள். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அதுவும் கதாநாயகியாக இல்லை, நந்தனாராகவே ஆண் வேடத்தில் நடித்தார். ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற முடிவைக் கடைசிவரை விடவில்லை. 'ஔவையார்' வந்தது அப்புறம் பல வருஷம் கழித்து, 1953-ல். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். துக்கத்தில் இருக்கிற பெண்தானே, கொடுத்ததை வாங்கிக்கொள்வாள் என்று யாராலும் அவரிடம் பேரம் பேச முடியவில்லை. எனக்கு அவர் குரலைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

டி.பி. ராஜலட்சுமி 1931-ல் 'காளிதாஸ்' படத்தில் நம் முதல் பேசும்பட நாயகி. ஐந்தே வருஷத்தில் 'மிஸ் கமலா' படத்தைத் தானே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்துவிட்டார். சாவித்திரி என்றால் எல்லாரும் அவர் கடைசி நாட்களைத்தான் பேசுவார்கள். 1968-ல் தெலுங்கில் ஒரு படத்தை இயக்கினார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அப்படி அவரைச் சுருக்குவது எனக்கு ஆறாத வருத்தம்.

சுசீலாம்மா விஜயநகரத்துத் தெலுங்குப் பெண். ஆரம்பத்தில் ஏவி.எம். ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்குப் பாடினார். தமிழ் உச்சரிப்புக்காகத் தனியாக வாத்தியார் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளைவிட அவர் 'ழ' தெளிவு. அந்தக் காலத்து ரெக்கார்டிங்கையும் நினைத்துப் பார். வாத்தியக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், பாடுகிறவர்கள் மைக் முன்னால் நிற்பார்கள். கடைசி வரியில் ஒரு வயலின் பிசகினாலும் பல்லவியிலிருந்து திரும்பப் பாட வேண்டும். இத்தனையாவது டேக் என்ற அலுப்பு குரலில் தெரியக் கூடாது. பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் அவருக்குத்தான் போனது, 'உயர்ந்த மனிதன்' பாட்டுக்காக. இப்போது நீ வரி வரியாகப் பாடலாம், கம்ப்யூட்டரில் சுருதியைத் திருத்தலாம். இருந்தாலும் முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடுகிற பழக்கத்தை விட்டுவிடாதே.

இப்போது உன் டிராக் விஷயத்துக்கு வருகிறேன். 1949-ல் 'மஹல்' என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் காமினி என்று அச்சிட்டிருந்தார்கள். அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர்! அவருக்கே அந்த நிலைமை. உன் டிராக்கை அப்படியே படத்தில் வைப்பார்களா, வேறு பாடகியை வைத்து மறுபடி பாடவைப்பார்களா என்று முதல் நாளே கேட்டுவிடு. வைத்தால் பெயர் போடுவார்களா, ராயல்டி எப்படி என்பதையும் கேள். கேட்பது தப்பே இல்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடினவருக்கு ராயல்டியில் பங்கும், பாடியது இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். "அடுத்த படத்தில் பார்த்துக்கலாம்மா" என்பார்கள். சிரித்துக்கொண்டே, "சரி சார், இதை மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க" என்று சொல்.

நடிக்கவும் கேட்டார்கள் என்றாயே, அதில்தான் எனக்குப் பயம். கேரளத்தில் சினிமாப் பெண்களின் நிலைமையை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2019 கடைசியிலேயே அரசு கையில் போய்ச் சேர்ந்தது. வெளியில் வந்தது 2024 ஆகஸ்டில். பாலியல் தொல்லையோடு, படப்பிடிப்பில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லை என்பதும் அதில் இருக்கிறது. அதற்குப் பயந்து பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். யூனிட்டில் புகார்க் குழு இருக்கிறதா என்று நீயே விசாரி. கதை பேச ஹோட்டல் அறைக்கு வா என்றால், ஆபீசுக்கே வருகிறேன் என்று சொல்லிவிடு.

வேலையை இப்போதைக்கு விடாதே. வாணி ஜெயராமும் ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்தவர்தான். கையில் சம்பளம் இருந்தால், பிடிக்காத இடத்தில் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் தானாக வரும். சம்பளமாக வருவது உன் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும், அப்பா பெயருக்கோ என் பெயருக்கோ வேண்டாம்.

ஒப்பந்தம் கொடுத்தால் அங்கேயே கையெழுத்துப் போடாமல் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. வக்கீலிடம் காட்டிவிட்டு அன்று ராத்திரியே கூப்பிடுகிறேன்.

அம்மா