செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் வட்டார வரலாற்று வரிசையில் பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் எடுத்துக்கொண்டோம். "அதில் என்ன வரலாறு, பிள்ளைகள் பார்க்கிற இடம்தானே?" என்று சிலர் கேட்டார்கள். பேச்சும் பயணமும் முடிந்தபின் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் மயாமி பாம்புப் பண்ணையில் வேலை பழகிய ரோமுலஸ் விட்டேக்கர், 1969இல் சேலையூரில் சிறிய அளவில் ஒரு பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். 1972இல் அது கிண்டிக்கு வந்தது. அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்களின் பிழைப்பு அதோடு ஆட்டம் கண்டது. 1976இல் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது இந்த நெருக்கடியில்தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் மண்பானையில் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தில்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் இருளர் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விட்டேக்கருக்கு அதே விருது 2018இல். என்னைக் கேட்டால் வரிசை மாறியிருக்க வேண்டும்.

வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976இல் தொடங்கியது. தோலுக்காக வேட்டையாடியதில் ஆறுகளில் முதலை அருகிவிட்ட காலம் அது. பண்ணையில் அவை நினைத்ததைவிட நன்றாகவே பெருகின. நம் சதுப்புநில முதலை ஒரே ஆண்டில் இரண்டு முறை முட்டையிடுவதையும், முட்டை இருக்கும் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைவதையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். சுமார் 32.5 டிகிரியில் ஆண். அதற்குக் கீழே பெண். அப்புறம் வந்தது வேறு சிக்கல். ஆறுகளில் விடுவது 1990களில் நின்றுபோக, பண்ணையில் இடம் போதவில்லை. ஆயிரம் முதலைகளை குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்பும் ஏற்பாடு சில ஆண்டுகளுக்கு முன்புதான் நடந்தது.

இத்தனைக்கும் தீனிச் செலவில் பெரும்பங்கு டிக்கெட் பணம்தான். 2020இல் கொரோனாவால் வாசலை அடைத்தபோது பண்ணை பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. மாமல்லபுரம் போகிற வழியில் அரைமணி நேரம் இறங்கிப் பார்க்கிற இடம் என்று அதை நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருளர் சங்கத்தார் பாம்பு விஷம் எடுப்பதும் அந்தப் பண்ணை வளாகத்தில்தான், அதைப் பார்க்கத் தனி டிக்கெட். அதையும் வாங்கிவிடுங்கள், காசு இருளர் சங்கத்துக்குப் போகிறது.

அடுத்த ஆண்டுப் பயணம் எங்கே என்பதை இன்று முடிவு செய்யலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

செயலாளர்