1965 லுட்விக்னு சொல்லி அனுப்புன பேஸ் ட்ரம் லுட்விக்கே இல்ல, பணத்த திருப்பித் தரணும்

கஸ்டமர் கேர் டீமுக்கு வணக்கம்,

போன மாசம் 9-ஆம் தேதி உங்ககிட்ட ஒரு பழைய ட்ரம்ஸ் செட் வாங்கினேன். பில் காப்பி, பேங்க் ரசீது, 31 போட்டோ, பெட்டி பிரிச்சப்போ எடுத்த வீடியோ எல்லாம் இதோட சேர்த்து அனுப்பியிருக்கேன். விளம்பரத்துல நீங்க போட்டிருந்தது "1965 லுட்விக் டவுன்பீட், ஒயிட் மெரைன் பேர்ல், 20 இன்ச் பேஸ், 12 டாம், 14 ஃப்ளோர் டாம், கூடவே சுப்ராஃபோனிக் ஸ்நேர், எல்லாமே ஒரிஜினல்". அதாவது லுட்விக்ங்கற அமெரிக்க கம்பெனியோட டவுன்பீட் மாடல் செட்டு, மேல முத்து மாதிரி வெள்ளை ஷீட்டு ஒட்டினது, பேஸ்னா கால்ல அடிக்குற பெரிய ட்ரம். விலை 1,85,000 ரூபாய், லாரி சர்வீஸுக்கு தனியா 6,500. நான் மாச சம்பளக்காரன், நாலு வருஷம் சீட்டு கட்டி எடுத்த பணம் இது. ஏற்கனவே ரெண்டு மெயில் போட்டுட்டேன், பதினோரு நாளாச்சு, பதில் இல்ல. போன்ல ஒரே ஒரு தடவ உங்க ஆஃபீஸ் தம்பி பேசுனாரு, "பழைய சாமான்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும்"னு சொல்லி வச்சுட்டாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

பழசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். இருபது வருஷமா வாசிக்கிறேன், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, சீசன்ல கோயில் திருவிழா கச்சேரில. எனக்கு கத்துக்குடுத்த மாஸ்டர்கிட்ட இதே மாதிரி ஒரு செட் இருந்துச்சு, ஆக்டோபேட் (எலக்ட்ரானிக் ட்ரம் பேட்) வந்து குழுவுல ட்ரம்ஸுக்கு வேலை குறைஞ்சப்போ வித்துட்டாரு, இன்னைக்கு வரைக்கும் அத பத்தி பேசுவாரு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய செட்ட சரி பண்ணி, அவரையே முதல்ல உக்கார வச்சு வாசிக்க வைக்கணும்னுதான் இத வாங்கினேன்.

அதனால துருவ பத்தி நான் புகார் சொல்லல. தோல இழுத்துப் புடிக்குற டென்ஷன் ராட்ல பாதி துரு, மண்ணெண்ணெய்ல ஒரு ராத்திரி ஊறப்போட்டு தேய்ச்சா வந்துடும். ஸ்நேர்ல குரோம் கொப்புளம் கொப்புளமா பொரிஞ்சிருக்கு, அது அலுமினிய ஷெல்லு (ட்ரம்மோட உடம்பு) மேல குரோம் பூசுனதால அந்த மாடலுக்கே உள்ள வியாதி, அதுக்கும் உங்கள குறை சொல்ல மாட்டேன். டாம்லயும் ஃப்ளோர் டாம்லயும் பேட்ஜ் (கம்பெனி பேர் தகடு) நம்பர் வரிசையா இல்ல, அதுவும் பரவால்ல, ஃபேக்டரிலயே பேட்ஜ கைக்கு வந்தபடிதான் அடிச்சாங்க, ஒரு செட்டுக்குள்ளயே நம்பர் தாறுமாறா இருக்குறது சகஜம். டாம், ஃப்ளோர் டாம் ரெண்டும் நல்ல உருப்படி, அத நானே ஒத்துக்கிறேன். மூணு ப்ளை (மர அடுக்கு) ஷெல், மேலயும் கீழயும் பலத்துக்கு வைக்குற மர வளையம், உள்ள சாம்பல் நிறத்துல கிரானைட் மாதிரி புள்ளி புள்ளியா பழைய பெயிண்ட், எல்லாம் அப்படியே இருக்கு. டாம்ல லக் (டென்ஷன் ராட மாட்டுற உலோகக் கட்டை) ஒண்ண கழட்டிப் பாத்தேன், வெளியில பேர்ல் ஷீட் மஞ்சளடிச்சு வெண்ணெய் கலர்ல இருக்கு, லக் மூடியிருந்த இடம் மட்டும் இன்னும் வெள்ளையா இருக்கு. அறுபது வருஷ வெளிச்சம் பட்டா அப்படித்தான் ஆகும்.

பேஸ் ட்ரம்லதான் விஷயம். பெட்டி பிரிச்சதுமே புது பெயிண்ட் வாடை, அப்பவே மனசு ஒரு மாதிரி ஆச்சு. முன்பக்க ஹெட்ட (தோல) கழட்டிட்டு போன் டார்ச்ச உள்ள அடிச்சேன், வளையம் இல்ல. சரி யாரோ பிச்சு எடுத்துட்டாங்க போலன்னு ஓரத்த பாத்தா ப்ளை ஆறு இருக்கு, விரல் வச்சு மூணு தடவ எண்ணினேன், ஆறுதான். லுட்விக் வளையம் இல்லாத ஆறு ப்ளை ஷெல்லுக்கு மாறுனதே 70-களோட நடுவுலதான், 1965-ல மூணு ப்ளையும் வளையமும் இல்லாம அவங்க மர ஷெல் பேஸ் ட்ரம் வெளிய விடல. அப்புறம் உள்ள அடிச்சிருந்த சாம்பல் பெயிண்ட நகத்தால சுரண்டினேன், தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு, அடியில லக் ஓட்டைங்களுக்கு பக்கத்துலயே வேற வரிசைல பழைய ஓட்டைங்க, எல்லாத்தையும் பட்டி வச்சு அடைச்சு தேய்ச்சு விட்டிருக்காங்க. அதாவது வேற ஏதோ கம்பெனி ஷெல்ல எடுத்து, பழைய ஓட்டைய அடைச்சு, லுட்விக் லக்குக்கு புதுசா ஓட்டை போட்டு, மேல புது பேர்ல் ஷீட் ஒட்டியிருக்காங்க. அந்த ஷீட்டுலயும் லக் அடியில பாத்தேன், அங்கயும் அதே மஞ்சள். வெளிச்சமே படாத இடம் எப்படி சார் மஞ்சளாகும், சாயம் பூசுனாத்தான் ஆகும்.

கீஸ்டோன் பேட்ஜ் மட்டும் நிஜம். சீரியல் நம்பர் இருக்கு, 1963 கடைசில இருந்துதான் லுட்விக் நம்பர் அடிக்க ஆரம்பிச்சாங்க, 70 வாக்குல பேட்ஜ் டிசைனையே மாத்திட்டாங்க, அதனால பேட்ஜ் அந்தக் காலத்துதுதான். ஆனா அத ஷெல்லோட சேர்த்துப் புடிச்சிருக்குற கிராமெட் (சின்ன உலோக வளையம்) பளபளன்னு நேத்து போட்ட மாதிரி இருக்கு. எங்கயோ உடைஞ்சுபோன ஒரு ட்ரம்ல இருந்து பேட்ஜ பிச்சு இதுல குத்தியிருக்காங்க. இதையெல்லாம் தெரியாம யாரும் செய்ய முடியாது. உங்க கம்பெனிதான் செஞ்சுதுன்னு நான் சொல்லல, உங்களுக்கு வித்தவங்க செஞ்சிருக்கலாம். ஆனா விளம்பரத்துல "எங்க டெக்னீசியன் பிரிச்சு செக் பண்ணது"ன்னு போட்டீங்களே, ஹெட்ட கழட்டி டார்ச் அடிச்சா ரெண்டு நிமிஷத்துல தெரியுற விஷயம் இது. நான் வாங்குறதுக்கு முன்னாடி உள்பக்க போட்டோ ரெண்டு தடவ கேட்டேன், வாட்ஸ்அப்ல இருக்கு, ரெண்டு தடவையும் வெளிப்பக்க போட்டோதான் அனுப்புனீங்க.

மறுநாள் மாஸ்டர கூட்டிட்டு வந்தேன். எழுபது தாண்டிட்டாரு, கண்ணு சரியா தெரியாது, நான் எதுவும் சொல்லல. ஃப்ளோர் டாம் ஷெல்ல ஒரு விரல்ல தூக்கிப் புடிச்சு முட்டியால தட்டினாரு, சிரிச்சாரு. அப்புறம் பேஸ் ஷெல்ல தட்டினாரு, திரும்பத் தட்டினாரு, "இது அந்த குடும்பம் இல்லடா"ன்னு சொல்லிட்டு கைய துண்டுல துடைச்சுகிட்டாரு. அன்னைக்கு அவரு டீ கூட குடிக்கல சார்.

உங்க தம்பிக்கு இது புரியணும். ஒரு பழைய ட்ரம்ம சரி பண்றவன் தேடுறது அது எப்படி பொறந்துச்சோ அந்த நிலைமைய. துரு, விரிசல், கிழிஞ்ச ஷீட்டு, முறிஞ்ச லக், எல்லாத்துக்கும் வழி இருக்கு, பொறுமையா தேடினா பார்ட்ஸ் கிடைக்கும். இல்லாத ஷெல்ல நான் எதுல இருந்து சரி பண்றது? "பேஸ் ட்ரம் வேற ஷெல், மத்தது ஒரிஜினல்"னு நேர்மையா போட்டிருந்தா நான் அந்த விலைக்கு பேசி வாங்கியிருப்பேன், சந்தோஷமா வாசிச்சிருப்பேன், இப்படி கடிதமும் எழுதியிருக்க மாட்டேன்.

நான் கேக்குறது இதுதான். முழு செட்டையும் உங்க செலவுல திருப்பி எடுத்துகிட்டு 1,91,500 ரூபாயும் குடுங்க. இல்லன்னா டாம், ஃப்ளோர் டாம், ஸ்நேர் மூணையும் நான் வச்சுக்கிறேன், பேஸ் ட்ரம்ம மட்டும் நீங்க எடுத்துகிட்டு 80,000 திருப்பிக் குடுங்க. எனக்கு ரெண்டாவதுதான் இஷ்டம், அந்த மூணையும் விட மனசில்ல. 80,000 அதிகம்னு நெனச்சா, பேஸ் ட்ரம் இல்லாத டவுன்பீட் செட்ட என்ன விலைக்கு விப்பீங்கன்னு நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க.

பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதுன்னு பில்லுக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கீங்க, பாத்தேன். ஆனா விளம்பரத்துல சொன்னது வேற, வந்தது வேறன்னா திருப்பி எடுக்க மாட்டேன்னு ஆன்லைன் விற்பனைல சொல்ல முடியாது, 2020-ல வந்த இ-காமர்ஸ் விதியிலயே அது இருக்கு. புகார் வந்து 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சுதுன்னு ஒரு பதிலும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வும் குடுக்கணும்னும் அதுல இருக்கு. அந்த 48 மணி நேரம் என் முதல் மெயிலுக்கே எப்பவோ முடிஞ்சுபோச்சு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், அதுக்கு அப்புறம் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி பதிவு பண்ணிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அது வரைக்கும் போக விடாதீங்க, எனக்கு அலைச்சல், உங்களுக்கும் அலைச்சல்.

இன்னொண்ணு, அந்த பேஸ் ட்ரம் திரும்ப உங்ககிட்ட வந்தா தயவுசெஞ்சு பேட்ஜ கழட்டிட்டு வெறும் ஷெல்லுன்னு சொல்லி வித்துடுங்க. அடுத்து வாங்குறவரும் என்ன மாதிரி கஷ்டப்பட்டு சேர்த்த பணத்துலதான் வாங்குவாரு.

ஷெல்ல பிரிச்சது பிரிச்சபடியே வச்சிருக்கேன், லக் எல்லாம் ஒரு டப்பால, சுரண்டி எடுத்த பெயிண்ட் ஒரு கவர்ல. உங்க டெக்னீசியன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எந்த நாள் வந்தாலும் காட்டுறேன், வர்றதுக்கு முந்தின நாள் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர், திருச்சி